16 வயல்களிலிருந்து ஒரு வட்டாரத்துக்கு: விவரணப் புள்ளியியலும் அனுமானப் புள்ளியியலும்

சராசரி, சதவீதம், திட்டவிலக்கம் வந்தால் விவரணப் புள்ளியியல். டி-சோதனை, பி-மதிப்பு, நம்பிக்கை இடைவெளி வந்தால் அனுமானப் புள்ளியியல். தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். கையில் உண்மையான தரவு வந்து உட்காரும்போது இந்தப் பிரிவினை கைகொடுக்காது.

ஒரே சராசரி இரண்டு வேலையும் செய்யும். 16 வயல்களில் அறுத்த நெல்லின் சராசரி 12.25 கிலோ என்று சொன்னால் அது விவரணம். அதையே 400-ஆல் பெருக்கி, "இந்த வட்டாரத்தின் விளைச்சல் ஹெக்டேருக்கு 4,900 கிலோ" என்று எழுதினால் அது அனுமானம். கணக்கில் கூடுதலாக நடந்தது ஒரு பெருக்கல்தான். ஆனால் இரண்டாவது வாக்கியம், யாரும் அரிவாள் வைக்காத ஆயிரக்கணக்கான வயல்களுக்கும் சேர்த்துப் பேசிவிட்டது. ஆகவே சூத்திரத்தைப் பார்க்காதீர்கள், வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். எழுவாய் கையிலுள்ள தரவு என்றால் விவரணம். தரவுக்கு வெளியே இருக்கும் பெரிய தொகுதி என்றால் அனுமானம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: நெல் பயிர் அறுவடைப் பரிசோதனை. இந்தியாவில் விளைச்சல் புள்ளிவிவரமும் பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் பெரும்பாலும் இதைச் சார்ந்துதான் இருக்கின்றன. வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அதிலுள்ள கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். சதுரம் 25 சதுர மீட்டர், ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். 400 வந்தது இப்படித்தான்.

முதலில் வாக்கியம், பிறகு கணக்கு

எக்செல்லைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்.

1. நான் கடைசியில் சொல்லப்போகும் வாக்கியம் எது?
2. அந்த வாக்கியம் யாரைப் பற்றியது, அதாவது என் முழுமைத்தொகுதி எது?
3. அந்தத் தொகுதியில் எத்தனை பேரை, எத்தனை வயலை நான் நேரில் அளந்திருக்கிறேன்?

மூன்றாவதற்கு "எல்லாவற்றையும்" என்பது பதிலானால் வேலை விவரணத்தோடு முடிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள். இந்த எண்களுக்குப் பக்கத்தில் "கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்ற மாதிரிப் பிழையைத் தேட வேண்டாம், ஏனென்றால் மாதிரி எடுக்கவில்லை. பிழையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. விடுபட்டவர்களும் இருமுறை எண்ணப்பட்டவர்களும் இருப்பார்கள். அதைக் கண்டறியவே கணக்கெடுப்புக்குப் பிறகு தனியாக ஒரு மாதிரி ஆய்வு நடத்துகிறார்கள். அந்த ஆய்வு அனுமானம்.

அதே தமிழ்நாட்டைப் பற்றி, 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு மொத்தக் கருவுறுதல் வீதம் (ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி) 1.8 என்கிறது. அந்த ஆய்வு இந்தியா முழுவதும் 6,36,699 வீடுகளில் நடந்தது. ஆறு லட்சம் பெரிய எண்தான், ஆனாலும் எல்லா வீடும் இல்லை. ஆகவே 1.8 ஒரு மதிப்பீடு.

பதில் "சிலவற்றை மட்டும்" என்று இருந்து, வாக்கியமும் அந்தச் சிலவற்றோடு நின்றுவிட்டால் அதுவும் விவரணமே. இதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஒரு வகுப்பின் 42 மாணவர்களுடைய மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேச வேண்டிய ஆசிரியருக்கு பி-மதிப்பு தேவையே இல்லை. ஆய்வேடு கனமாகத் தெரிய வேண்டும் என்று அங்கேயும் ஒரு டி-சோதனையைச் சேர்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்தச் சோதனை யாரைப் பற்றிய முடிவு என்று கேட்டால் பதில் இருக்காது.

அனுமானம் வயலில் தொடங்குகிறது

16 எண்ணிலிருந்து வட்டாரத்துக்குத் தாவும் உரிமை மென்பொருளில் கிடைப்பதில்லை. வயலைத் தேர்ந்தெடுத்த முறையில் கிடைக்கிறது. இங்கே கோட்டை விட்டால் பிறகு எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. அதனால் இந்தப் பகுதியில் அவசரப்படாமல் போக வேண்டும்.

பட்டியல் முதலில். அந்தப் பருவத்தில் நெல் போட்ட புல எண்கள் அத்தனையும் ஒரே பட்டியலில் இருக்க வேண்டும். நம் ஊரில் இதற்கு வருவாய்த் துறையின் பயிர்ப் பதிவேடான அடங்கல்தான் ஆதாரம். அடங்கல் பழையதாக இருந்தால், நெல் போட்டும் பட்டியலில் ஏறாத வயல்களுக்குத் தேர்வாகும் வாய்ப்பு பூஜ்யம். அவற்றைப் பற்றி உங்கள் மாதிரி எதுவும் சொல்லாது.

பிறகு சமவாய்ப்பு எண். பட்டியலில் 1 முதல் வரிசை எண் கொடுத்து, சமவாய்ப்பு எண் அட்டவணையையோ எக்செல்லின் ராண்ட்பிட்வீன் சார்பையோ வைத்து எடுங்கள். எடுத்ததும் எண்களை மதிப்பாக ஒட்டி உறைய வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எண்கள் மாறும், எது உண்மையான தேர்வு என்று பின்னால் யாராலும் நிரூபிக்க முடியாது.

வயலுக்குள் போனபின் சதுரத்தின் இடத்தையும் எண்தான் தீர்மானிக்க வேண்டும். வயல் 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சதுரம் வயலுக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால் இரண்டிலிருந்தும் 5-ஐக் கழியுங்கள்: 55, 35. 0 முதல் 55 வரை ஒரு சமவாய்ப்பு எண், 0 முதல் 35 வரை இன்னொன்று. 23, 11 என்று வந்தால், தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் 23 மீட்டர் போய், அங்கிருந்து உள்பக்கம் 11 மீட்டர் வந்து முதல் முளைக்குச்சியை அடியுங்கள். அந்த இடத்தில் பயிர் சாய்ந்திருந்தாலும், எலி வெட்டியிருந்தாலும், பாதி கருக்காயாக இருந்தாலும் அங்கேதான் அறுக்க வேண்டும். "இந்த இடம் நன்றாக இல்லை, கொஞ்சம் தள்ளிப் போடுவோம்" என்ற ஒரு வார்த்தையில் மாதிரி செத்துவிடும்.

நான்கு முளையும் அடித்தபின் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள்: 7.07 மீட்டர் இருக்க வேண்டும். பக்கம் நான்கும் 5 மீட்டராக இருந்தும் மூலைவிட்டம் 6.5 என்று வந்தால் சதுரம் சாய்ந்துவிட்டது, பரப்பு 25-ஐவிடக் குறைவு.

கயிறு தொய்வாக இருப்பது இன்னும் பொல்லாதது. ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் வெளியே போய்விட்டால் அறுத்த சதுரம் 5.2 மீட்டருக்கு 5.2 மீட்டர், அதாவது 27.04 சதுர மீட்டர். விளைச்சல் 8 சதவீதம் கூடிப்போகும். இதே பிழை 1 மீட்டர் சதுரத்தில் நடந்தால் 44 சதவீதம் கூடும். சதுரம் சிறுக்கச் சிறுக்கப் பரப்போடு ஒப்பிட ஓரம் அதிகமாகிறது. ஓரத்தில் நிற்கும் குத்தை உள்ளே சேர்ப்பதா வேண்டாமா என்ற சந்தேகம் வந்தால் கை சேர்க்கத்தான் பார்க்கும். சிறிய சதுரங்கள் விளைச்சலை மிகைப்படுத்துகின்றன என்பதைப் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே 1940களில் எடுத்துக்காட்டினார். வங்காளத்தில் சணல், நெல் ஆய்வுகளைச் சிறிய வெட்டுகளை வைத்து நடத்திய இன்னொரு புள்ளியியலாளர் மகலனோபிஸுக்கும் அவருக்கும் இதில் கடும் விவாதம் நடந்தது. இந்த வகைப் பிழைக்கு ஒருதலைச் சாய்வு என்று பெயர். பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இது குறையாது என்பதை மறக்க வேண்டாம்.

அதற்குச் சாட்சி 1936 அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி வாக்கு அட்டைகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. பெரும்பான்மை குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டனுக்கு. தேர்தலில் ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குடன் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்தவை, அதோடு பதில் போட்டவர்களும் ஒரு சாரார். "எங்களுக்கு வந்த அட்டைகளில் லாண்டனே முன்னிலை" என்ற விவரணம் அட்சரம் பிசகாத உண்மை. "அமெரிக்கா லாண்டனைத் தேர்ந்தெடுக்கும்" என்ற அனுமானம்தான் தரையில் விழுந்தது.

விவரணம்: எண்களோடு பழகுவது

கீழே உள்ள 16 எண்களும் கணக்கைக் காட்டுவதற்காக அமைத்தவை; ஒவ்வொன்றும் ஒரு சதுரத்தில் கிடைத்த நெல், கிலோவில்.

12.4, 13.1, 9.8, 14.2, 11.6, 12.9, 15.3, 10.7, 13.8, 12.2, 11.1, 14.6, 6.2, 13.4, 12.7, 12.0

முதல் வேலை வரிசைப்படுத்துவது. 6.2, 9.8, 10.7 என்று தொடங்கி 14.6, 15.3 என்று முடிகிறது. வரிசைப்படுத்திய உடனேயே 6.2 தனியாக நிற்பது கண்ணில் படும். சராசரியைக் கணக்கிட்ட பிறகு பார்த்தால் படாது.

கூட்டுத்தொகை 196.0, சராசரி 12.25. இடைநிலை, 8-ஆவது 9-ஆவது எண்களான 12.4, 12.7 ஆகியவற்றின் நடு: 12.55. இடைநிலையைவிடச் சராசரி குறைவாக இருப்பது, கீழ்ப்பக்கம் ஏதோ ஒன்று இழுக்கிறது என்பதற்கு அடையாளம்.

கால்மானங்களை (வரிசையை நான்கு சம பங்காகப் பிரிக்கும் எண்களை) கையால் போட்டால், கீழ்ப் பாதி எட்டின் நடு 11.35, மேல் பாதி எட்டின் நடு 13.6. எக்செல்லின் குவார்டைல்.இன்க் சார்பு 11.475, 13.5 என்று தரும். இரண்டும் சரி; இடைச்செருகும் முறை வேறு. ஆய்வேட்டில் எந்த முறை என்று ஒரு வரி எழுதிவிட்டால் வாய்மொழித் தேர்வில் தடுமாற வேண்டியதில்லை. கையால் போட்ட கணக்கில் கால்மான இடைவெளி 2.25. அதன் ஒன்றரை மடங்கான 3.375-ஐக் கீழ்க் கால்மானத்திலிருந்து கழித்தால் 7.975. 6.2 அதற்கும் கீழே. ஆக அது விலகிய மதிப்பு.

விலகிய மதிப்பைக் கண்டால் நீக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நீக்கக் கூடாது, விசாரிக்க வேண்டும். 16.2 என்பதை 6.2 என்று பதிந்துவிட்டார்களா? தராசு தவறா? பரிசோதனைப் படிவத்தில் "மடைப்பக்கம் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகல்" என்று குறிப்பு இருக்கிறதா? கடைசிக் காரணம் என்றால் அந்த 6.2 தான் மாதிரியிலேயே மிக முக்கியமான எண், ஏனென்றால் வட்டாரத்தில் அப்படி அழுகிய வயல்கள் வேறும் இருக்கும். அதை நீக்கினால் சராசரி 12.65-க்கு ஏறும், ஹெக்டேருக்கு 161 கிலோ காற்றிலிருந்து வந்து சேரும். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கமும் 2.17-இலிருந்து 1.50-க்கு இறங்கி, கணக்கு முன்பைவிடத் துல்லியமானதுபோல் காட்சி தரும்.

திட்டவிலக்கத்தில்தான் இரண்டு புள்ளியியலும் முதன்முறையாக முட்டிக்கொள்கின்றன. சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணும் விலகிய அளவை வர்க்கமாக்கிக் கூட்டினால் 70.54. இதை 16-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.10; 15-ஆல் வகுத்தால் 2.17. இந்த 16 வயலின் பரவலை மட்டும் சொல்ல வேண்டும் என்றால் 16. வட்டாரத்தின் பரவலை மதிப்பிட வேண்டும் என்றால் 15. காரணம், வட்டாரத்தின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாமல் மாதிரியின் சராசரியிலிருந்தே விலகலை அளக்கிறோம். மாதிரி எண்கள் தங்கள் சொந்தச் சராசரிக்கு எப்போதும் சற்று நெருக்கமாகத்தான் இருக்கும். அந்தக் குறையை 15 ஈடுசெய்கிறது. எக்செல்லில் எஸ்டிடெவ்.பி முதலாவது, எஸ்டிடெவ்.எஸ் இரண்டாவது. எதைத் தட்டினீர்கள் என்பதிலேயே நீங்கள் யாரைப் பற்றிப் பேச வந்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

அனுமானம்: எவ்வளவு தவறலாம் என்று சொல்வது

இதே வட்டாரத்தில் வேறு 16 வயல்கள் விழுந்திருந்தால் சராசரி 12.25 வந்திருக்காது, 11.8 வந்திருக்கலாம், 12.9 வந்திருக்கலாம். இந்த ஆட்டம் எவ்வளவு இருக்கும் என்பதே அனுமானத்தின் மையக் கேள்வி. அதன் அளவு திட்டப் பிழை: திட்டவிலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 2.17-ஐ 4-ஆல் வகுத்தால் 0.542 கிலோ.

அடுத்து 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. பெரிய மாதிரிக்கு 1.96-ஆல் பெருக்குவார்கள். 16 எண்ணுக்கு அது போதாது, ஏனென்றால் திட்டவிலக்கமே ஒரு மதிப்பீடு, அதுவும் ஆடும். டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் சிறிய மாதிரிகளோடு மல்லுக்கட்டித்தான், 1908இல் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில், இதற்கான வழியை வெளியிட்டார். டி-அட்டவணையில் 15 கட்டின்மைப் படிகளுக்கு (மாதிரி அளவில் ஒன்று குறைவு) 2.131. பெருக்கினால் 1.16 கிலோ. ஆக இடைவெளி 11.09 முதல் 13.41 கிலோ வரை. ஹெக்டேருக்கு மாற்றினால் 4,900, கூட்டல் கழித்தல் 462; அதாவது சுமார் 4,438 முதல் 5,362 கிலோ வரை. எக்செல்லில் கான்ஃபிடென்ஸ்.டி சார்புக்கு 0.05, 2.1686, 16 என்று கொடுத்தால் அந்த 1.16 அப்படியே வரும். கான்ஃபிடென்ஸ்.நார்ம் என்பதைத் தட்டினால் 1.06 வரும், சிறிய மாதிரிக்கு அது பொய்யான துல்லியம்.

இந்த இடைவெளியைத் தவறாகப் படிப்பவர்கள் ஏராளம். "95 சதவீத வயல்களின் விளைச்சல் 4,438-க்கும் 5,362-க்கும் இடையில் இருக்கிறது" என்பது தவறு. நம் 16 வயல்களிலேயே 6.2, 9.8, 10.7 கீழே விழுகின்றன, 13.8, 14.2, 14.6, 15.3 மேலே போகின்றன. ஒன்பதுதான் உள்ளே. இடைவெளி வட்டாரச் சராசரியைப் பற்றியது, தனி வயலைப் பற்றியதல்ல. இதே முறையில் திரும்பத் திரும்ப 16 வயல்களை எடுத்து இடைவெளி போட்டால், அவற்றில் 100-க்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மையான சராசரியை உள்ளடக்கும் என்பதே இதன் பொருள்.

திட்டவிலக்கத்துக்கும் திட்டப் பிழைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: மாதிரியைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? வயலுக்கு வயல் உள்ள வேறுபாடு அப்படியேதான் இருக்கும், எனவே திட்டவிலக்கம் 2.17 அருகிலேயே நிற்கும். திட்டப் பிழை சுருங்கும், அதுவும் வர்க்கமூல வேகத்தில். இடைவெளியைப் பாதியாக்க 32 போதாது, 64 பரிசோதனைகள் வேண்டும். ஹெக்டேருக்கு 200 கிலோவுக்குள் பிழை இருக்க வேண்டும் என்றால், சதுரத்துக்கு 0.5 கிலோ, 1.96-ஐ 2.17-ஆல் பெருக்கி 0.5-ஆல் வகுத்து வர்க்கமாக்குங்கள், சுமார் 73 வரும். இந்தக் கணக்கை அறுவடைக்கு முன் போட வேண்டும். அறுத்து முடித்தபின் போட்டால் வருத்தப்படத்தான் உதவும். வரைபடங்களில் பிழைக்கோடு போடும்போதும் அது திட்டவிலக்கமா, திட்டப் பிழையா, நம்பிக்கை இடைவெளியா என்று கீழே எழுதாவிட்டால் அந்தப் படத்தை யாராலும் படிக்க முடியாது.

எடுகோள் சோதனை, காப்பீட்டு வரம்பை வைத்து

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு காப்பீட்டு அலகுக்கும் (வட்டாரம், ஊராட்சி போன்றது) ஒரு வரம்பு விளைச்சல் உண்டு. பரிசோதனைகளில் வந்த சராசரி அதற்குக் கீழே இருந்தால், குறைந்த அளவை வரம்பால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் பெருக்கி இழப்பீடு தருவார்கள். வரம்பு 5,100 கிலோ என்று வைப்போம். நம் சராசரி 4,900. குறைவு 200, இழப்பீடு காப்பீட்டுத் தொகையில் 3.9 சதவீதம்.

புள்ளியியல் கேள்வி வேறு: வட்டாரத்தின் உண்மையான சராசரி 5,100 ஆகவே இருந்தும், தற்செயலாக இப்படி ஒரு மாதிரி விழுந்திருக்கலாமா? இன்மை எடுகோள், அதாவது வேறுபாடு இல்லை என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் கூற்று: சராசரி 5,100. டி-மதிப்பு, 200-ஐ ஹெக்டேர் கணக்கிலான திட்டப் பிழை 217-ஆல் (0.542 × 400) வகுத்தால் கிடைப்பது, கழித்தல் 0.92. இருபக்கச் சோதனையில் பி-மதிப்பு சுமார் 0.37. அதாவது உண்மை 5,100 ஆக இருந்தாலும், இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய மாதிரி 100-க்கு 37 தடவை விழும். விளைச்சல் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று இந்த 16 வயல்களை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. போகவில்லை என்றும் சொல்ல முடியாது. 4,500 கூட இடைவெளிக்குள்தான் இருக்கிறது. "இன்மை எடுகோளை நிராகரிக்கவில்லை" என்பதை "வேறுபாடு இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று எழுதுவது ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் பிழை. பி-மதிப்பு 0.37 என்றால் இன்மை எடுகோள் உண்மையாக இருக்க 37 சதவீத வாய்ப்பு என்று படிப்பதும் பிழைதான்.

அப்படியானால் காப்பீட்டுத் திட்டம் தவறு செய்கிறதா? திட்டம் அந்தப் புள்ளி மதிப்பீட்டையே ஒப்பந்த எண்ணாக ஏற்றுக்கொள்கிறது. இடைவெளி எதையும் கேட்பதில்லை. தொகை கொடுக்க ஒற்றை எண் வேண்டும் என்பதால் அது நடைமுறைக்கு அவசியம். ஆனால் அந்த எண்ணின் ஆட்டத்தை விவசாயி தலையில் சுமக்கிறார் என்பதை மறைக்கக் கூடாது. அலகு வட்டாரமாக இருந்தால் குறைந்தது 16 பரிசோதனைகள். ஊராட்சி அளவுக்கு இறங்கினால் முக்கியப் பயிருக்கு 4 போதும் என்கிறது விதி. நான்கு எண்ணுக்கு டி-மதிப்பு 3.182. ஒரே ஊருக்குள் வேறுபாடு குறைவாக இருக்கும் என்று திட்டவிலக்கத்தை 1.2 ஆகக் குறைத்து வைத்தாலும் இடைவெளி ஹெக்டேருக்குக் கூட்டல் கழித்தல் 764 கிலோ. தன் ஊர் நிலவரத்தைத் தன் ஊர் எண்ணே சொல்ல வேண்டும் என்று விவசாயி கேட்பது நியாயம். அந்த நியாயத்துக்கு நான்கு சதுரம் மிகக் குறைவு என்பதே என் கருத்து.

சூத்திரம் சரியாக இருந்தும் முடிவு தவறும் இடங்கள்

கொத்துக் கொத்தாக எடுத்த மாதிரி. மேலே போட்ட திட்டப் பிழைக் கணக்கு, 16 வயலும் ஒன்றையொன்று சாராமல் வட்டாரம் முழுவதிலிருந்தும் வந்தவை என்று எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் சில ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சில வயல்களை அறுப்பதுண்டு. 4 ஊர், ஊருக்கு 4 வயல் என்று வைப்போம். ஒரே ஊர் வயல்களுக்கு ஒரே வாய்க்கால், ஒரே மழை, பெரும்பாலும் ஒரே ரகம். ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பாதி பார்த்தாயிற்று. ஊருக்குள் ஒத்துப்போகும் அளவு 0.3 என்றால், 1 + (4 − 1) × 0.3 = 1.9. 16-ஐ இந்த 1.9-ஆல் வகுத்தால், உங்கள் 16 வயல்கள் உண்மையில் 8 வயலுக்குச் சற்று மேல்தான் பெறும். திட்டப் பிழை 0.75 ஆகிறது, சுதந்திரமான கொத்துகள் நான்கே என்பதால் 3.182-ஐத்தான் பெருக்க வேண்டும். இடைவெளி 462-இலிருந்து சுமார் 950 கிலோவாக விரியும். மென்பொருள் இதைத் தானாகச் சொல்லாது. ஊர்ப் பெயர் ஒரு பத்தியாகத் தரவில் இருந்தால்தான் நீங்களும் கண்டுபிடிக்க முடியும்.

பல ஒப்பீடுகள். ரகம், உரம், பாசனம், நடவு நாள் என்று 20 ஒப்பீடு செய்து, 5 சதவீத மட்டத்தில் (பி-மதிப்பு 0.05-க்குக் கீழே) ஒன்று "முக்கியத்துவம் வாய்ந்தது" என்று வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும், 20 தனித்தனிச் சோதனைகளில் குறைந்தது ஒன்று அப்படி வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். எதைச் சோதிக்கப் போகிறோம் என்பதைத் தரவு வருவதற்கு முன் எழுதி வைப்பதே வழி.

ஈரப்பதம். ஒரு வயலில் அறுத்த அன்றே எடை போட்டு, இன்னொன்றில் இரண்டு நாள் காயவைத்துப் போட்டால் அந்த இரண்டு எண்ணையும் கூட்டவே கூடாது. இது அனுமானத்தின் பிழை இல்லை, விவரணத்திலேயே பிழை. ஆனாலும் திட்டவிலக்கத்துக்குள் ஒளிந்துகொண்டு கடைசி வரை வரும்.

பருவம் தாண்டுவது. இந்தச் சம்பாவில் எடுத்த மாதிரி இந்தச் சம்பாவுக்குத்தான். அடுத்த ஆண்டு விளைச்சலைப் பற்றிப் பேச ஆண்டுக்கு ஆண்டு உள்ள வேறுபாடு தெரிய வேண்டும். 16 வயலை 1,600 ஆக்கினாலும் ஒரே பருவத் தரவில் அது இல்லை.

முடிவை எழுதும் விதம்

விவரணத்தையும் அனுமானத்தையும் ஒரே பத்தியில் கலக்காமல், அடுத்தடுத்த பத்தியில் எழுதுங்கள். இந்தத் தரவுக்கு, 16 வயலும் வட்டாரம் முழுவதிலிருந்தும் தனித்தனியாக விழுந்தவை என்றால், இப்படி எழுதலாம்:

"16 பரிசோதனைகளில் சதுரத்துக்குக் கிடைத்த நெல் 6.2 முதல் 15.3 கிலோ வரை; சராசரி 12.25, இடைநிலை 12.55, திட்டவிலக்கம் 2.10. ஒரு சதுரத்தில் (6.2 கிலோ) பயிர் அழுகியிருந்தது, அது கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.

வயல்கள் அடங்கல் பட்டியலிலிருந்து எளிய சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. அதன் அடிப்படையில் வட்டாரத்தின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 4,900 கிலோ என மதிப்பிடப்படுகிறது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 4,438 முதல் 5,362 வரை."

முதல் பத்தியில் "வட்டாரம்" என்ற சொல் வராததைக் கவனியுங்கள். இரண்டாவதில் "மதிப்பிடப்படுகிறது" என்ற வினையும் தேர்வு முறையும் இடைவெளியும் சேர்ந்தே வருகின்றன. மூன்றில் ஒன்றை எடுத்தாலும் வாக்கியம் நிற்காது. 4,900.00 என்று தசமப் புள்ளி போடாதீர்கள். 462 கிலோ ஆடும் எண்ணுக்குக் கிராம் கணக்கு பொருந்தாது.

தேர்வான வயல் ஏதாவது, ஆள் போய்ச் சேர்வதற்குள் அறுவடையாகியிருந்தால், பட்டியலில் அடுத்த சமவாய்ப்பு எண்ணுக்குப் போக வேண்டும், பக்கத்து வயலுக்கு அல்ல. எத்தனை வயல்கள் அப்படி மாறின என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும். முன்கூட்டி அறுவடையான வயல்கள் குறுகிய கால ரகமாகவோ முதலில் தண்ணீர் கிடைத்த தலைமடை வயல்களாகவோ இருக்கலாம். 16-இல் மூன்று நான்கு அப்படிக் கைநழுவியிருந்தால், இரண்டாவது பத்தியின் எழுவாயை "வட்டாரம்" என்பதிலிருந்து "வட்டாரத்தில் பின்பட்டத்தில் அறுவடையான வயல்கள்" என்று மாற்றி எழுதுங்கள்.